அடிபட்ட பறவை வீட்டுக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடம் முன்பு எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் கிடந்த ஒரு மைனாவை அட்டைப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து எங்கள் வாட்ச்மேன் முதல் நாலாவது தெருப் பாட்டி வரைக்கும், ஏதாவது பறவை கீழே விழுந்தால் என் நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை பறவையை மேலும் கெடுக்காமல் வைத்திருப்பது எப்படி என்று மட்டும் கொஞ்சம் தெரியும். அதுவும் சிலவற்றைக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் இருப்பது சென்னை என்பதால் பறவைகளும் பெரும்பாலும் சென்னைப் பறவைகள்.

"பால்கனியில ஒரு பறவை விழுந்து கிடக்கு. இப்ப நான் முதல்ல என்ன செய்யணும்?"

பூனை, நாய், குழந்தைகள், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் விலக்குங்கள். அறைக்குள் விழுந்திருந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு ஒரு அட்டைப் பெட்டி தேடுங்கள். சிட்டுக்குருவி, மைனாவுக்குச் செருப்புப் பெட்டி போதும். காக்கை அளவுப் பறவைக்கு மளிகைக் கடைப் பெட்டி வேண்டும். பக்கங்களில் பென்சிலால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். இதைப் பறவையை உள்ளே வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும் (சிரிக்காதீர்கள், உள்ளே வைத்துவிட்டு ஓட்டை போட்டவரை எனக்குத் தெரியும்). அடியில் பழைய பருத்தி வேட்டித் துணி. டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கிக்கொள்ளும். பறவையை வைத்து மூடி, சத்தமில்லாத அறையில் வையுங்கள்.

இருட்டுதான் இதில் பாதி மருந்து. காட்டுப் பறவைக்கு நம் முகம் என்பது தன்னைத் தின்ன வந்த ஏதோ ஒன்றின் முகம். "பயப்படாதே கண்ணு" என்று நாம் தடவிக்கொடுக்கும்போது அது அடங்கிக் கிடந்தால், நம்மை நம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம், பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. அந்தப் பயமே சில பறவைகளைக் கொன்றுவிடும். அதனால் அடிக்கடி திறந்து பார்ப்பது, வீட்டுக் குரூப்புக்குப் போட்டோ எடுப்பது இரண்டும் வேண்டாம். கம்பிக் கூண்டும் வேண்டாம். வெளியே போகத் துடித்து மோதி மோதி இறகுகளை உடைத்துக்கொள்ளும்.

"எப்படித் தூக்கறது? கொத்திடாதா?"

ஒரு துணியை மேலே போட்டு மூடுங்கள். தலை மூடியதும் பெரும்பாலானவை அடங்கிவிடும். இறக்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி இரண்டு கைகளாலும் சேர்த்துத் தூக்குங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள். நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

கொத்துவதைப் பொறுத்தவரை ஆளுக்கு ஆள் ஆயுதம் வேறு. கிளி நன்றாகக் கடிக்கும். பருந்து, வல்லூறு, ஆந்தைக்கு அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்து. கொக்கு, நாரை, வக்கா இந்த மூன்றையும் பார்த்துத்தான் நான் உண்மையில் பயப்படுவேன். கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அப்பாவியாக உட்கார்ந்திருக்கும், திடீரென்று நீட்டிக் கண்ணைக் குறிவைக்கும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள், யாராவது ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

"தண்ணி கொடுத்தேன், ஆனா முழுங்க மாட்டேங்குது. சிரிஞ்சுல ஊத்தட்டுமா?"

ஊற்றாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு இருமி வெளியேற்றவும் தெம்பு இருக்காது. முதல் பத்தியில் சொன்ன மைனா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனது. கிளம்பும் முன் அதன் வாயில் ஒரு மூடி தண்ணீர் ஊற்றியது நான்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும் பறவை என்றால், ஆழமில்லாத ஒரு மூடியில் தண்ணீர் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வேண்டுமென்றால் குடிக்கும். படுத்துக் கிடப்பதற்கு அதுவும் வேண்டாம், மூடியிலேயே முகம் புதைந்து மூழ்கிவிடும்.

"சாப்பிட என்ன கொடுக்கலாம்? பால், பிரெட், இட்லி?"

அடிபட்டு வந்த முதல் சில மணி நேரத்துக்கு எதுவும் வேண்டாம். உடம்பு சில்லிட்டுக் கிடக்கும் பறவைக்குச் சாப்பாடு செரிக்காது. முதலில் சூடு, அப்புறம் நீர், கடைசியில்தான் உணவு. இந்த வரிசை மாறினால் நல்லது செய்யப்போய்க் கொன்றுவிடுவோம். பால் எப்போதுமே வேண்டாம். பறவைகள் பாலூட்டிகள் இல்லை, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் வழி அவற்றுக்குக் கிடையாது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பிரெட், இட்லி, பிஸ்கெட்டெல்லாம் வயிற்றை அடைக்குமே தவிரச் சத்து இல்லை.

ராத்திரியாகிவிட்டது, மறுநாள்தான் மருத்துவரைப் பார்க்க முடியும் என்ற நிலையில், பறவை தெளிவாக இருந்தால் அதன் இனத்துக்கு ஏற்றதை வைக்கலாம். புறாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் தினை, கம்பு. கிளிக்கும் குயிலுக்கும் கொய்யா, பப்பாளி. மைனாவுக்கும் காக்கைக்கும் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு. ஆந்தை, பருந்துக்கு ஒரு ராத்திரி பட்டினி ஒன்றும் செய்யாது. மசாலா போட்ட சிக்கன் துண்டை ஆந்தைக்கு ஊட்டியவர்கள் உண்டு, பாசத்தோடு.

"தொட்டா உடம்பு கொதிக்குது. காய்ச்சலா இருக்குமோ?"

இல்லை. பறவையின் இயல்பான உடல் சூடே ஏறக்குறைய 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அது கடும் காய்ச்சல், அதற்கு அது சாதாரண நாள். கையில் சூடாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். சில்லென்று இருந்தால்தான் கவலை. அப்போது வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். இறகு முளைக்காத குஞ்சுக்கு இது கட்டாயம், அதற்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது.

கத்திரி வெயிலில் கதை தலைகீழ். வாயைப் பிளந்துகொண்டு தொண்டை படபடக்க, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காக்கையோ கிளியோ வெயிலில் அடிபட்டது. அதற்கு வெந்நீர் பாட்டில் வைத்தீர்களோ, முடிந்தது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைத்துக் கால்களை மட்டும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்ட வேண்டாம்.

"குஞ்சு ஒண்ணு கீழ விழுந்திருக்கு. நாம தொட்டா மனுஷ வாடை பட்டு அம்மா சேர்க்காதாமே?"

எங்கே பார்த்தாலும் இருக்கும் நம்பிக்கை இது, ஆனால் சரியில்லை. பறவைகள் குஞ்சை மோந்து பார்த்துத் தள்ளிவைப்பதில்லை. இத்தனை நாள் ஊட்டி வளர்த்த குஞ்சை ஒரு கை பட்டதற்காக விட்டுப் போகாது. தைரியமாகத் தொட்டுக் கூட்டில் திரும்ப வைக்கலாம். கூடு கலைந்துபோயிருந்தால் கொட்டாங்குச்சியிலோ சின்னக் கூடையிலோ ஓட்டை போட்டு, காய்ந்த புல்லைப் பரப்பி, பழைய கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் கட்டுங்கள். தாய் வந்து ஊட்டுகிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: அந்தக் குஞ்சு உண்மையிலேயே விழுந்ததா, இறங்கியதா? உடம்பு முழுக்க இறகு, குட்டை வால், தத்தித் தத்திக் குதிக்கிறது, கூப்பிட்டால் முறைக்கிறது என்றால் அது பறக்கப் பழகும் பருவம். மைனா, காக்கை, கொண்டைக்குருவி எல்லாம் சரியாகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். தாயும் தகப்பனும் பக்கத்து மரத்திலிருந்து வந்து ஊட்டிக்கொண்டிருக்கும். நாம் நின்றுகொண்டிருந்தால் அவை வராது. நாம் "பாவம், யாருமே இல்லை" என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கோடையில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இப்படிக் கடத்தப்பட்ட குஞ்சுகள்தான். புதர் மறைவில் விட்டுவிட்டு, பூனையை மட்டும் கட்டிவைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஜன்னலுக்குள்ளிருந்து பாருங்கள்.

"புறாக் குஞ்சு வாயே திறக்க மாட்டேங்குது. எப்படி ஊட்டறது?"

மற்றக் குஞ்சுகள் வாயைப் பிளந்து காட்டும், தாய் உள்ளே திணிக்கும். புறாவில் இது தலைகீழ். குஞ்சு தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டு உறிஞ்சும். தாயும் தகப்பனும் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் சுரக்கும் ஒரு பாலை (மாட்டுப் பால் இல்லை, பெயர்தான் பால்) கக்கிக் கொடுக்கும். அதனால் வாயைப் பிளந்து திணித்தால் மூச்சடைக்கும். மஞ்சள் முடியோடு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகோடு இருக்கும் புறாக் குஞ்சை நீங்களாக வளர்க்க முயலாமல் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. ஏசி பெட்டிக்குப் பின்னால் அதன் கூடு அப்படியே இருக்கும், திரும்ப வைத்தால் போதும்.

"ஜன்னல் கண்ணாடியில மோதி விழுந்துச்சு. மூச்சு இருக்கு, கண்ணைத் திறக்கலை."

பெட்டி, இருட்டு, அமைதி. ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு பெட்டியை வெளியே, திறந்த இடத்தில் வைத்து மூடியை மட்டும் எடுங்கள். நிறையப் பறவைகள் அதுவாகவே விருட்டென்று போய்விடும். மேலே தூக்கி எறிந்து பறக்கவைக்காதீர்கள். பறக்க முடியாததாக இருந்தால் இரண்டாவது முறையும் விழும். மூக்கில் ரத்தம், ஒரு கண் மட்டும் மூடியிருப்பது, தலை ஒரு பக்கம் சாய்வது, கால் இழுப்பது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எங்கள் பகுதியில் இப்படி அதிகம் விழுவது குயில். காக்கை துரத்த, தலைதெறிக்கப் பறந்து கண்ணாடியில் மோதிவிடும்.

கண்ணாடியில் தெரியும் வானத்தை உண்மையான வானம் என்று நம்பித்தான் மோதுகின்றன. ஒரே ஒரு கழுகு ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், இரண்டு விரல்கடை இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வைத்தால் நின்றுவிடும். எங்கள் மூன்றாவது மாடி மாமி சுண்ணாம்பில் வரிசையாகக் கோலப் புள்ளி வைத்தார். அந்த ஜன்னலில் அதற்குப் பிறகு எதுவும் மோதவில்லை.

"காக்கா குயிலைக் கொத்திக் கொல்லுது. நடுவுல போகலாமா?"

போகலாம், கையில் குடை எடுத்துக்கொண்டு. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லாருக்கும் தெரியும். காக்கைக்கும் ஓரளவு தெரியும் போலிருக்கிறது. வளர்ந்த குயிலை அதன் எல்லைக்குள் கண்டால் விடாது. குயில் காயத்தோடு கீழே விழுந்திருந்தால் துணி போட்டு மூடி உள்ளே கொண்டுவாருங்கள், பெட்டியில் வையுங்கள். தெளிந்த பிறகு காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து, அடர்ந்த மரத்துக்குப் பக்கத்தில் விடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காக்கை ஒரு குயில் குஞ்சின் பக்கத்தில் நிற்கிறது, குஞ்சு கத்துகிறது என்றால் உடனே பாயாதீர்கள். அது அடிக்க வந்த காக்கையாக இல்லாமல், சோறு ஊட்ட வந்த வளர்ப்புத் தாயாக இருக்கலாம்.

"பூனை வாயிலேர்ந்து பிடுங்கிட்டோம். காயமே தெரியலை, விட்டுடலாமா?"

விடாதீர்கள். பூனையின் பல் ஊசி மாதிரி. இறகுக்கு அடியில் ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் பூனை வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து ஒன்றிரண்டு நாளில் பறவையைக் கொன்றுவிடும். பறந்துபோய்விட்டது, பிழைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அது ஏதோ ஒரு புதரில் செத்துக் கிடக்கும். பூனை வாய்க்குப் போன எந்தப் பறவைக்கும் அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும். அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். மைனாவின் எடை நூறு கிராமைச் சுற்றித்தான். நம் மாத்திரையை "கால்வாசி உடைத்து" கொடுக்கும் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

"மஞ்சத்தூள் வைக்கலாமா? வலிக்கு பாராசிட்டமால்?"

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். உடைந்த நகத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) கொஞ்சம் ஒற்றலாம். திறந்த காயத்தில் மஞ்சள் தூளை அப்பினால் மருத்துவர் அதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் உள்ளே என்ன என்று பார்க்க வேண்டியிருக்கும். களிம்பு, தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் இறகில் படக்கூடாது. எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், பிறகு குளிரும் தாங்காது, பறக்கவும் முடியாது.

மனிதர்களின் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்கக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். நேராகக் கொடுத்ததுகூட இல்லை, இறைச்சியில் மிச்சமிருந்ததே அந்தப் பாடுபடுத்தியது.

"இறக்கை தொங்குது. யூடியூப் பார்த்து கட்டுப் போட்டுடட்டுமா?"

வேண்டாம். தப்பாகக் கட்டினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், பிறகு அந்தப் பறவைக்கு வானம் கிடையாது. இறுக்கினால் மூச்சு (இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்). சின்னப் பெட்டியில் வைத்தாலே இறக்கையை விரிக்க முடியாமல் அசையாதிருக்கும், முதல் நாளுக்கு அதுவே கட்டு. எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரத் துணியால் லேசாக மூடி உடனே கிளம்புங்கள். எலும்பு காய்ந்துபோனால் காப்பாற்றுவது கஷ்டம்.

"மரத்துல மாஞ்சா நூல்ல காக்கா தொங்குது. யார் ஏறுவாங்க?"

நீங்கள் ஏறாதீர்கள், மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கனவிலும் ஏறாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், எண் 101. எங்கள் தெருவுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார்கள், முகம் சுளிக்காமல். கீழே வந்ததும் நூலைப் பறவையிலிருந்து சாண் தூரத்தில் வெட்டிவிட்டு அப்படியே பெட்டியில் வையுங்கள். சதைக்குள் இறங்கிய நூலை உருவினால் ரம்பம் போட்டதுபோல் நரம்பையும் சேர்த்து அறுக்கும். நைலான் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை செய்தது. இன்றும் பட்டம் விடும் காலத்தில் எல்லா மொட்டை மாடியிலும் அதன் துண்டு கிடக்கிறது. பார்த்தால் பொறுக்கி நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

எலி பிடிக்கும் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், தோலோடு வரும். காலியாக இருக்கும் பசைப் பரப்பை மாவு தூவியோ காகிதம் ஒட்டியோ மூடிவிட்டு, அட்டையோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

"பட்டப்பகல்ல ஆந்தை வந்து உக்காந்திருக்கு. வீட்டுல பெரியவங்க பயப்படறாங்க. கண்ணு வேற தெரியாதாம்."

பகலில் ஆந்தைக்குக் கண் நன்றாகவே தெரியும். காக்கைகள் கண்டுவிட்டன, துரத்தின, உங்கள் வீட்டு மூலை பத்திரமாகத் தோன்றியது, அவ்வளவுதான். காயம் இல்லையென்றால் திரைச்சீலையைப் போட்டு, அந்தப் பக்கம் போகாமல் விடுங்கள். இருட்டியதும் கிளம்பிவிடும். இதயம் போன்ற வெள்ளை முகத்தோடு இருந்தால் கூகை. எலிதான் அதன் சாப்பாடு. சாவுக்குருவி என்று விரட்டப்படும் அந்தப் பறவை இருக்கும் வளாகத்தில் எலிப் பாஷாணத்துக்கு வேலை குறைவு என்று வீட்டுப் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள். எனக்கு இந்த வாதம் பாதிக்குப் பாதிதான் பலித்திருக்கிறது.

இதே வகையில் இன்னொரு அழைப்பு வரும்: "லாஃப்டுக்குள்ளேர்ந்து பாம்பு சீறுது." பாம்பு பிடிப்பவரை அழைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கூகைக் குஞ்சுகள் அச்சு அசல் பாம்பு மாதிரியே சீறும்.

"கருப்பா, நீள இறக்கையோட சின்னப் பறவை. காயமே இல்லை, ஆனா தரையில துடிக்குது, பறக்க மாட்டேங்குது."

உழவாரன் குருவியாக இருக்கும். பாலத்தின் அடியிலும் பழைய கட்டடங்களின் கூரை மடிப்பிலும் கூடு வைக்கும் இனம். சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் பறந்தபடியேதான். கால் என்பது சுவரைப் பற்றிக்கொள்ள மட்டும். இறக்கை நீளம், கால் குட்டை என்பதால் தரையில் விழுந்துவிட்டால் எழும்பத் திணறும். காயமில்லை, முழுதாக வளர்ந்தது என்று உறுதியானால் மொட்டை மாடிக்குப் போய், உள்ளங்கையை விரித்து அதன்மேல் உட்காரவைத்து, கையை உயர்த்திப் பிடித்துக் காத்திருங்கள். இறக்கை நடுங்கும், சட்டென்று காற்றில் இறங்கிப் போய்விடும். இங்கேயும் எறிவது கிடையாது.

"அக்டோபர் மாசம். பச்சை, நீலம், சிவப்புன்னு கலர் கலரா ஒரு குருவி ஹாலுக்குள்ள வந்துடுச்சு. யாரோ வளர்த்ததா?"

யாரும் வளர்த்தது இல்லை, இமயமலை அடிவாரத்திலிருந்து வருகிறது. பெயர் ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அப்படி. வடக்கே மழைக்காலம் முடிந்து தெற்கே வலசை வரும்போது ராத்திரியில் பறக்கும், நகரத்து வெளிச்சத்தில் குழம்பிக் களைத்து வீட்டுக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு வருடமும் அந்தச் சமயத்தில் எனக்கு நாலைந்து அழைப்பு நிச்சயம். கூண்டில் போட்டுத் தினை வைத்துவிட்டு "சாப்பிடவே மாட்டேங்குது" என்பார்கள். அது புழு பூச்சி தின்பது, தினையை என்ன செய்யும்? ராத்திரி பெட்டியில் ஓய்வு கொடுத்து, விடியும்போது காய்ந்த இலைச் சருகு கிடக்கும், பூனை வராத ஒரு தோட்டத்தில் பெட்டியைத் திறந்து வையுங்கள். பொறுமையாக நடந்து போகும், பறக்கவில்லையே என்று பதறாதீர்கள். அது தரையில் இரை தேடும் பறவைதான்.

"புறா கழுத்தைத் திருகிட்டு சுத்திச் சுத்தி வருது. நமக்கு ஒட்டிக்குமா?"

தலையில் அடிபட்டாலும் இப்படி ஆகும். ஆனால் புறாக்களில் இது பெரும்பாலும் ஒரு வைரஸ் நோய். கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலின் உறவு. வீட்டில் கோழி இருந்தால் அந்தப் புறாவை அருகில் கொண்டுபோகவே கூடாது. அதைத் தொட்ட கையோடும் கோழிப் பக்கம் போகாதீர்கள். மனிதர்களுக்கு மிஞ்சிப்போனால் கண் சிவக்கும். ஆனால் புறா எச்சத்திலும் கிளி எச்சத்திலும் நுரையீரலுக்கு ஆகாத வேறு கிருமிகள் இருக்கலாம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். எந்தப் பறவையைத் தொட்டாலும் கையுறை அல்லது பாலித்தீன் பை, முடிந்ததும் சோப்பு. வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் பெட்டி அவர்கள் அறையில் வேண்டாம்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று காக்கைகள் செத்துக் கிடந்தால் அது வேறு விஷயம். தொடாதீர்கள், பெட்டியும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். கால்நடை பராமரிப்புத் துறைக்கோ மாநகராட்சிக்கோ சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் தெரியவந்தது இப்படிச் செத்து விழுந்த காக்கைகளால்தான்.

"சரி, யாரைக் கூப்பிடறது? எல்லாரும் இன்னொருத்தர் நம்பரைத் தர்றாங்க."

உண்மைதான், எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு மத்தியானம் முழுக்க ஐந்து இடத்துக்குப் போன் செய்து, ஐந்தாமவர் முதலாமவர் நம்பரையே திரும்பக் கொடுத்தார். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகலாம். கிண்டியில் வனத்துறை இருக்கிறது, விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட வன அலுவலகம் அல்லது வனச்சரக அலுவலகம், அதோடு பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனை. 1962 என்ற எண் முக்கியமாக ஆடு மாடுகளுக்கான ஊர்தி. கேட்டுப் பார்க்கலாம், வரும் என்று காத்திருக்க வேண்டாம். என் அனுபவத்தில் "வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்று கேட்பதைவிட "நான் கொண்டுவருகிறேன், எத்தனை மணி வரை மருத்துவர் இருப்பார்?" என்று கேட்டால் வேலை நடக்கிறது. பறவை எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள்.

"கிளிதானே, நாங்களே வச்சு வளர்த்துக்கறோமே. பசங்களுக்கும் ஆசை."

முடியாது. ஆசை புரிகிறது, சட்டத்துக்குப் புரியாது. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். மைனாவும் அப்படியே, மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காட்டு உயிர் எந்த வழியில் நம் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆவது பிரிவு. காப்பாற்றி உடனே ஒப்படைப்பவரை யாரும் பிடித்து உள்ளே போட்டதாக நான் பார்த்ததில்லை. மூன்று மாதம் கழித்து "அப்பவே காப்பாத்தினது சார்" என்றால் எடுபடாது.

சட்டத்தை விடுங்கள். மனிதர் கையில் குஞ்சிலிருந்து வளரும் கிளிக்கும் மைனாவுக்கும் பூனைக்குப் பயப்படத் தெரியாது, தன் இனத்தோடு பேசத் தெரியாது. ஆசையாக வளர்த்து ஒரு வருடம் கழித்து "சுதந்திரமாக" விட்டால் அன்று சாயங்காலமே முடிந்துவிடும்.

"குணமாயிடுச்சு. எங்க, எப்ப விடறது?"

கிடைத்த இடத்திலேயே. கிண்டிக் காடு இதைவிட நன்றாக இருக்கும் என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதன் ஜோடி, அதற்குத் தெரிந்த மரம், தண்ணீர் எல்லாம் உங்கள் தெருவில்தான் இருக்கிறது. அங்கே வேறொரு பறவையின் எல்லைக்குள் இறக்கிவிட்டால் அடிவாங்கும். மழையில்லாத காலை நேரம் நல்லது, ஆந்தைக்கு மட்டும் அந்தி. அறைக்குள் இரண்டடி தாவிப் பறந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சமமாக இரண்டு இறக்கையும் அடித்து மேலே ஏற முடிகிறதா என்று பார்த்து மருத்துவர் சொன்ன பிறகு விடுங்கள்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். காலையில பார்த்தா செத்துக் கிடக்கு. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

பெரும்பாலும் ஒன்றுமில்லை. காட்டுப் பறவை தன் நோயை வெளியே காட்டாது, காட்டினால் வேட்டையாடுபவன் கண்ணில் பட்டுவிடும். நம் கையில் அகப்படும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது என்றாலே அது கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. என் பெட்டிகளில் பாதிக்கு மேல் காலையில் அசையவில்லை. பூனை திரியும் ரோட்டோரத்தில் செத்துப்போவதும் இருட்டான பெட்டியில் செத்துப்போவதும் அதற்கு ஒன்றில்லை. ஒற்றைப் பறவை என்றால் நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள், பெட்டியையும் துணியையும் அப்புறப்படுத்துங்கள், கை கழுவுங்கள். காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணைப் படமெடுத்து வனத்துறைக்குக் கொடுங்கள். எங்கோ ஒரு ஆராய்ச்சியாளர் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பார்.

"நாங்க காப்பாத்தினது எங்களை ஞாபகம் வச்சுக்குமா? திரும்ப வருமா?"

வராது. வந்தாலும் உங்களைப் பார்க்க இல்லை, உங்கள் மாடியில் காயப்போட்ட வடகத்தைப் பார்க்க. காக்கைதான் விதிவிலக்கு. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்துப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் அந்த முகமூடியைக் கண்டாலே அவை திட்டித் தீர்த்தன. நம் ஊர்க் காக்கைக்கும் முகம் மறப்பதில்லை என்பது என் சொந்த அனுபவம். இரண்டு வருடம் முன்பு வேப்ப மரத்திலிருந்து விழுந்த ஒரு குஞ்சை ஏணி போட்டு ஏறிக் கூட்டில் திரும்ப வைத்தேன். அந்த ஜோடி அதைத் திருட்டு முயற்சி என்று பதிவு செய்துவிட்டது. இன்றும் துணி காயப்போட மாடிக்குப் போனால் தலையில் ஒரு தட்டு உண்டு. எங்கள் வீட்டில் மற்ற யாரையும் அவை தொடுவதில்லை.